மே 24, மொட்டை மாடி, ஓமம்: கோடை முன்னறிவிப்பை நம்பி முடிவெடுக்கலாமா?

பெரம்பூர்_மாடிவீடு | மே 9, இரவு 10.12

அப்பாவுக்குச் சதாபிஷேகம். நாள் நட்சத்திரம் பார்த்து மே 24, ஞாயிற்றுக்கிழமை என்று வாத்தியார் குறித்துக் கொடுத்துவிட்டார். இடம் எங்கள் வீட்டு மொட்டை மாடி. அது அப்பாவின் பிடிவாதம். அவரே வெயிலில் நின்று கட்டிய வீடு இருக்கும்போது மண்டபம் எதற்கு என்கிறார்.

வருகிறவர்கள் 120 பேர். பாதிப் பேர் எழுபதைக் கடந்தவர்கள். முகூர்த்தம் இரண்டு உண்டு: காலை 6 முதல் 7 வரை ரிஷப லக்னம், 9.30 முதல் 11 வரை கடக லக்னம். தாம்பரம், ஆவடி உறவினர்கள் எல்லாரும் ஒரே குரலில் இரண்டாவதைக் கேட்கிறார்கள். எண்பது வயது மனிதரைக் கத்திரி வெயிலில், பட்டுத் துணியோடு, ஓமகுண்டத்தின் முன் ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பதை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது.

இந்தக் கோடையில் வெப்பம் இயல்பைவிடக் கூடுதலாக இருக்கும் என்று பருவகால முன்னறிவிப்பு சொன்னதாகப் படித்தேன். கூடுதல் என்றால் எவ்வளவு? 24-ஆம் தேதி எப்படி இருக்கும்? பக்கத்துத் தெரு மண்டபத்துக்கு 15-ஆம் தேதிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். கட்டினால் திரும்பாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேள்விக்குறி | மே 9, இரவு 10.31

மே மாதம் சென்னையில் வெயில் அடிக்கும் என்று சொல்ல ஓர் அலுவலகமும் அதற்கொரு முன்னறிவிப்பும்! என் பாட்டி சம்பளம் வாங்காமலே சொல்வாள். மண்டபத்தைப் பிடியுங்கள் ஐயா.

நுங்கை_நோக்கன் | மே 9, இரவு 11.48

கேள்விக்குறி அவர்களே, உங்கள் பாட்டிக்கு என் வணக்கம். மாடிவீட்டுக்காரர் கேட்டதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்துவிடுகிறேன்.

வானிலை ஆய்வுத் துறை மார்ச் தொடக்கத்தில் மார்ச்–மே காலத்துக்கும், மார்ச் இறுதியில் ஏப்ரல்–ஜூன் காலத்துக்கும் முன்னறிவிப்பு தருகிறது. அதில் டிகிரி கிடையாது, வாய்ப்புதான் உண்டு. முப்பது ஆண்டுகளின் கோடைகளைக் குளிர்ந்தது முதல் கொதித்தது வரை வரிசையாக அடுக்கி, மூன்று கட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே தெரியாது என்றால் இந்த ஆண்டு எந்தக் கட்டில் விழவும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. பசிபிக் கடலின் நிலவரத்தையும் மற்றவற்றையும் கணினி மாதிரிகளில் இட்டுப் பார்த்து, மேல் கட்டுக்கு வாய்ப்பு அதிகம் என்று சொல்கிறார்கள். "இயல்பைவிடக் கூடுதல்" என்பதன் முழுப் பொருள் அவ்வளவுதான். அதுவும் மூன்று மாதச் சராசரிக்கு. சராசரி அரை டிகிரி ஏறினாலே மேல் கட்டுக்குப் போய்விடலாம். அந்த அரை டிகிரி உங்கள் ஓமத்தைக் கெடுக்காது.

24-ஆம் தேதி எப்படி இருக்கும் என்பது வேறு கேள்வி. அதற்கு இன்றைக்கு எவரிடமும் பதில் இல்லை. 19-ஆம் தேதி வாக்கில் ஐந்து நாள் முன்னறிவிப்பில் பாருங்கள். அப்போதும் அதிகபட்ச வெப்பநிலையைப் பார்க்காதீர்கள், காற்றைப் பாருங்கள்.

சென்னையின் கோடை கடல் காற்றின் கையில் இருக்கிறது. மே மாதத்தில் கடல்பரப்பு 30 டிகிரியை ஒட்டியிருக்கும். நிலம் அதைத் தாண்டிச் சூடேறியதும் அதன் மேலுள்ள காற்று மேலெழும்ப, கடலிலிருந்து காற்று உள்ளே வரும். முற்பகல் 11 மணிக்கே வந்துவிட்டால் வெப்பநிலை 36, 37-ல் நின்றுவிடும். உள்மாவட்டங்களிலிருந்து வரும் மேற்குக் காற்று வலுவாக இருந்தால் அது கடல் காற்றைக் கரையிலேயே தடுத்து வைக்கும். பிற்பகல் 2, 3 மணி வரை உள்ளே விடாது. 40, 41 என்று நாம் அலறுகிற நாள்கள் பெரும்பாலும் இவைதான். நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கம் பல நாள்களில் ஒரு டிகிரி கூடுதலாகக் காட்டுவதும் இதனால்தான். மீனம்பாக்கம் கடலிலிருந்து இன்னும் தள்ளி இருக்கிறது. காற்று அங்கே போய்ச் சேர நேரமாகும்.

வேலூர்க்காரன் | மே 10, காலை 7.05

41-க்கு ஓர் இழையா? எங்கள் ஊரில் அதற்குப் பெயர் வைகாசி. கோட்டை மதிலில் தோசை வார்க்கலாம். கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டு வெப்ப அலை என்று புலம்புகிறீர்கள்.

நுங்கை_நோக்கன் | மே 10, காலை 8.20

வேலூர் அன்பரே, வெயிலில் உங்களோடு போட்டிக்கு வரவில்லை. ஆனால் உங்கள் ஊரில் வியர்வை காய்கிறது, எங்கள் ஊரில் காயாது. உடல் குளிர்வது வியர்வை ஆவியாவதால்தான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டுமே தவிர உடம்பு குளிராது. ஈரப்பதத்தோடு கூடிய 36 பல நேரம் வறண்ட 40-ஐவிட மோசம்.

வெப்ப அலை என்ற சொல்லையும் நம் செய்தித்தாள்கள் ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்கின்றன. அதற்குக் கணக்கு உண்டு. சமவெளி என்றால் குறைந்தது 40 டிகிரி, கூடவே அந்த நாளின் இயல்பைவிட 4.5 டிகிரி உயர்வு. கடலோரம் என்றால் 37 போதும், ஆனால் அதே 4.5 உயர்வு வேண்டும். ஒரே நிலையத்தில் ஒரு நாள் அடித்தால் போதாது. ஒரு வட்டாரத்தில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள் இருக்க வேண்டும். மே பிற்பாதியில் சென்னையின் இயல்பே 37-ஐ ஒட்டி. அப்படியானால் 41.5-ஐத் தொட்டால்தான் பேச்சே தொடங்கும். சென்னைக்கு வெப்ப அலை அறிவிப்பு அடிக்கடி வராததற்கு இதுவும் ஒரு காரணம். ஊர் குளிர்ச்சி என்று பொருள் இல்லை.

கேள்விக்குறி | மே 10, காலை 8.41

தொலைக்காட்சியில் நேற்று 104 என்றார்களே?

நுங்கை_நோக்கன் | மே 10, காலை 8.50

அது பாரன்ஹீட். 40 டிகிரி செல்சியஸ். "வெயில் சதம் அடித்தது" என்று தலைப்பு வைப்பதற்காகவே தமிழ்ச் செய்தி உலகம் பாரன்ஹீட்டை விடாமல் வைத்திருக்கிறது என்பது என் நெடுநாள் சந்தேகம். 37.8-க்கு யார் தலைப்பு வைப்பார்கள்?

அட்டைவீடு_வியாசர்பாடி | மே 10, இரவு 11.35

எல்லாரும் பகலைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பகலில் கிடங்கில் இருக்கிறேன். அங்கே மின்விசிறி இருக்கிறது, கூரை உயரம். என் பிரச்சினை இரவு. மேலே ஆஸ்பெஸ்டாஸ் அட்டை, பத்துக்குப் பத்து அறை, நான்கு பேர். இப்போது மணி பதினொன்றரை. சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி 35 காட்டுகிறது. சின்னவளுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. தெருவில் பாய் விரித்துப் படுக்கலாம் என்றால் கொசு. கடல் காற்று 11 மணிக்கு வந்தால் என்ன, 3 மணிக்கு வந்தால் என்ன? அட்டை பகலில் குடித்ததை விடிய விடியக் கக்குகிறது.

நுங்கை_நோக்கன் | மே 11, காலை 6.15

நீங்கள் சொன்னது என்னைச் சுட்டது. பருவகால முன்னறிவிப்பில் குறைந்தபட்ச வெப்பநிலைக்கும் தனியாக ஒரு படம் வெளியிடுகிறார்கள். நான் உட்பட யாரும் அதைப் பகிர்வதில்லை. "வெப்பமான இரவு" என்று ஒரு வரையறையும் இருக்கிறது. ஆனால் அன்றைய பகல் 40-ஐத் தொட்டிருந்தால் மட்டுமே அது கணக்கில் வரும். பகல் 37, இரவு 30 என்று வேகும் கடலோர ஊருக்கு அந்தப் பெயர்கூடக் கிடைக்காது. கருவி நிற்பதும் புல்தரை மேல், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள். உங்கள் அட்டைக்கடியில் அல்ல.

தட்டோடு_மேஸ்திரி | மே 11, காலை 9.40

வியாசர்பாடித் தம்பி, அட்டைமேல் சுண்ணாம்பு அடியுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை இரவே ஊற வைத்து, வடிகட்டி, கொஞ்சம் வெள்ளைப் பசை கலந்து இரண்டு பூச்சு. வெயில் தாழ்ந்த பிறகு அடித்தால்தான் பிடிக்கும். ஐப்பசி மழையில் போய்விடும், அடுத்த பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும். அட்டைமேல் ஏறும்போது ஆணி வரிசையில் குறுக்குப் பலகை போட்டு அதன்மேல் மட்டும் கால் வையுங்கள். பழைய அட்டை சொல்லாமல் உடையும். அதைத் தேய்க்கவோ அறுக்கவோ வேண்டாம், தூசு நுரையீரலுக்கு ஆகாது.

பழைய மதராஸ் தளம் தெரியுமா? தேக்கு உத்தரம், குத்துக்கல்லாக அடுக்கிய செங்கல், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் இன்னும் சில வீடுகள் இருக்கின்றன. உள்ளே போனால் மே மாதமா என்று கேட்பீர்கள். இப்போது ஐந்தங்குலக் கான்கிரீட்டைப் போட்டுவிட்டு அறைக்கொரு குளிர்சாதனம் மாட்டுகிறோம்.

பெரம்பூர் ஐயா, ஓமம் வளர்ப்பதானால் துணிப் பந்தலைத் தாழ்வாகக் கட்ட விடாதீர்கள். கிழக்கும் மேற்கும் திறந்திருக்க வேண்டும். காற்று திடீரெனத் திரும்பினால் பொறி பறக்கும்.

ஓய்வுபெற்ற_கணக்காசிரியர் | மே 11, மாலை 5.10

45 டிகிரியை நேரில் அனுபவித்தவன் என்ற முறையில் ஒரு சொல். 2003, மே 31, சனிக்கிழமை. சென்னையில் 45 டிகிரி பதிவான நாள். திருவல்லிக்கேணியில் இருந்தேன். குழாயைத் திறந்தால் வெந்நீர். திண்ணைக் கம்பியைத் தொட முடியவில்லை. காக்கை ஒன்று வாயைத் திறந்தபடியே எங்கள் கிணற்றடியில் நின்றது, விரட்டினாலும் போகவில்லை. கடற்கரைக்கு அவ்வளவு அருகில் இருந்தும் மாலைவரை கிழக்கிலிருந்து ஒரு மூச்சுக்கூட வரவில்லை. நோக்கன் சொல்லும் மேற்குக் காற்றின் பொருள் எனக்கு அன்றே விளங்கியிருக்க வேண்டும்.

நினைவில் கொள்ளுங்கள், அன்று கத்திரி முடிந்திருந்தது! பஞ்சாங்கம் மே 28 என்று கதவைச் சாத்தினால் வெயில் சாத்திக்கொள்ளாது.

கேள்விக்குறி | மே 11, மாலை 5.32

அப்படியானால் கத்திரி என்பதே மூடநம்பிக்கையா? ஓமமும்தானா?

ஓய்வுபெற்ற_கணக்காசிரியர் | மே 11, மாலை 6.02

அவசரப்படாதீர்கள் தம்பி. சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் 24-ஐ ஒட்டி. அன்று நண்பகலில் நட்டு வைத்த கம்புக்கு நிழல் விழாது. ஆனால் அடுப்பை மூட்டியவுடன் பானை கொதிக்கிறதா? நிலம் சூடேறச் சில வாரம் ஆகும். பரணியின் பின்பாதியில் தொடங்கி, கார்த்திகையைக் கடந்து, ரோகிணியின் முதல் பாதம் வரை சூரியன் நிற்கும் நாள்களைக் கத்திரி என்று குறித்தவர்கள் அந்தத் தாமதத்தைக் கவனித்தவர்கள். வானிலைத் துறைக்கு அந்தச் சொல் தேவையில்லை, எனக்குத் தேவை. என் ஓய்வூதியத்துக்கு அது இடைஞ்சல் செய்யவில்லை.

நெறியாளர் | மே 11, இரவு 8.00

ஓமம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்கு வேறு இழை இருக்கிறது. நான்கு பதிவுகளை அங்கே நகர்த்திவிட்டேன். இங்கே வெயில் மட்டும்.

அம்பத்தூர்_பயணி | மே 12, காலை 10.15

வங்கக் கடலில் அடுத்த வாரம் ஒரு தாழ்வுப் பகுதி வரலாம் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது. வந்தால் 24-ஆம் தேதி மழையே பெய்து குளிர்ந்துவிடும். மண்டபம் வேண்டாம்.

நுங்கை_நோக்கன் | மே 12, காலை 11.30

வாட்ஸ்ஆப் செய்தியின் கீழே பெயரும் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அது போன ஆண்டினுடையதாகவும் இருக்கலாம்.

மே மாதச் சுழற்சி நமக்கு வரமா சாபமா என்பது அது போகும் வழியைப் பொறுத்தது. 2010-ல் லைலா புயல், 2016-ல் ரோவானு புயல். இரண்டும் நம் கரையை ஒட்டி வடக்கே ஏறின, கத்திரியிலேயே சென்னைக்கு நல்ல மழை கிடைத்தது. 2019-ல் ஃபானி தமிழகம் பக்கம் வரும் என்று முதலில் பேச்சு. அது விலகிப் போய் மே 3 அன்று ஒடிசாவின் புரி அருகே கரை கடந்தது. ஈரத்தைத் தன்னோடு சுருட்டிக்கொண்டு போனது. நமக்கு மிஞ்சியது வறண்ட மேற்குக் காற்று. அந்தக் கோடையின் முடிவில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டன, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்ததுதான் முதன்மைக் காரணம். ஆனாலும் அந்த மே மாதம் ஒரு நல்ல மழை பெய்திருந்தால் கிணறுகள் சற்று மூச்சு விட்டிருக்கும்.

ஆகவே சுழற்சியை நம்பி மண்டபத்தை விடாதீர்கள். பயந்து முன்பணமும் கட்டாதீர்கள்.

பெரம்பூர்_மாடிவீடு | மே 12, பிற்பகல் 1.05

ஐயா, கட்டாதே, விடாதே என்றால் நான் என்னதான் செய்வது?

வடாம்_வசந்தா | மே 12, பிற்பகல் 3.20

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஓட்டேரியில் மாடியில் வடாம் போட்டு விற்கிறேன், பதினான்கு கோடையாக. உங்களுக்கெல்லாம் வெயில் எதிரி. எனக்கு மாசி முதல் வைகாசி வரை அதுதான் முதலாளி.

மேலே ஐயா கடல் காற்று என்று எழுதியிருப்பதை நான் வேறு மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். காலை 6 மணிக்கு ஈர வேட்டியை விரித்துக் கூழ் ஊற்றுவேன். மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, அடிக்கும் நாளாக இருந்தால் பிற்பகல் 2 மணிக்குத் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்துவிடலாம், கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம் கேட்கும். முற்பகலிலேயே காற்று கிழக்கே திரும்பிவிட்டால் அவ்வளவுதான், ஓரம் காயும், நடு நெகிழும், மறுநாளும் போட வேண்டும். எந்தத் தேதி போட்டது "ஒரு நாள்", எது "இரண்டு நாள்" என்று பால் கணக்கு நோட்டில் எழுதி வைப்பேன். வாடிக்கையாளருக்கு நாள் சொல்ல வேண்டுமே.

என் நோட்டுப்படி மே முதல் பாதியில் இரண்டும் கலந்து வரும். 15-க்குப் பிறகு "ஒரு நாள்" வடாம்தான் கூடுதல். மேல்காற்று அப்போதுதான் நிலைக்கும். ஆகவே ஐயா வீட்டு 24-ஆம் தேதி மேல்காற்று நாளாக இருக்கத்தான் வாய்ப்பு. மேல்காற்று நாளில் காலை 7 மணி வரை மாடியில் காலை வைக்கலாம். 9.30-க்கு வெறுங்காலோடு என் மாடியில் நானே நிற்க மாட்டேன். பெரியவரை நிறுத்தாதீர்கள்.

நுங்கை_நோக்கன் | மே 12, பிற்பகல் 3.44

அம்மா, வணங்குகிறேன். தென்மேற்குப் பருவமழை கேரளத்தை நெருங்க நெருங்க நமக்கு மேற்குக் காற்று வலுக்கும் என்பதைப் படம் பார்த்துத் தெரிந்துகொண்டவன் நான். நீங்கள் அதைத் துணி பார்த்து எழுதி வைத்திருக்கிறீர்கள். பதினான்கு ஆண்டு நோட்டும் இருக்கிறதா? இருந்தால் ஓட்டேரிக்கு வந்து நானே படியெடுத்துக்கொள்கிறேன். நுங்கம்பாக்கத்தில் 1792 என்று குறித்த கருங்கல் தூணை இன்னும் வைத்திருக்கிறார்கள், அன்றைய வானாய்வகத்தின் நினைவு. வெயிலைத் தினமும் எழுதி வைக்கும் பழக்கம் இந்த ஊருக்குப் பழையது. உங்கள் பால் நோட்டும் அந்த வரிசையில் சேரும்.

வடாம்_வசந்தா | மே 12, மாலை 4.10

எட்டு ஆண்டுக்குத்தான் இருக்கிறது. மீதியை வெள்ளம் கொண்டுபோனது.

பெரம்பூர்_மாடிவீடு | மே 14, இரவு 9.30

முடிவெடுத்துவிட்டேன். மண்டபம் இல்லை. ரிஷப லக்னம், காலை 6 மணி, மாடியில் ஓமம். சாப்பாடு கீழே கார் நிறுத்துமிடத்தில். அங்கே மூன்று பக்கம் திறப்பு, தலைக்கு மேல் இரண்டு மாடி. ஆவடிச் சித்தப்பா "விடியற்காலையில் யார் வருவார்கள்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

நுங்கை_நோக்கன் | மே 19, மாலை 6.40

ஐந்து நாள் நிலவரம் வந்துவிட்டது. மேற்குக் காற்று நிலைக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி கூடுதல். கடல் காற்று பிற்பகலில்தான். உள்மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மாலையில் வெப்பச்சலன மழை, அதில் ஏதாவது கிழக்கே நகர்ந்து வந்தால் இரவில் நமக்கும் இடி இருக்கலாம். நீர்மோரில் உப்பைக் குறைக்காதீர்கள்.

பெரம்பூர்_மாடிவீடு | மே 24, இரவு 9.15

நல்லபடியாக முடிந்தது. 6.05-க்குத் தொடங்கி 7.10-க்குக் கலசநீர் ஊற்றியாயிற்று. அந்த நேரத்திலேயே ஓமகுண்டத்தின் அருகே வாத்தியாரின் அங்கவஸ்திரம் நனைந்து பிழியும்படி இருந்தது. அப்பாவை எட்டு மணிக்குள் கீழே இறக்கிவிட்டோம். 9.30-க்கு ஒரு குடத்தை எடுக்க நான் மேலே போனேன், செருப்பில்லாமல். பாதி வழியில் குதித்துத் திரும்பினேன். வசந்தா அம்மா, உங்கள் வாக்கு.

சித்தப்பா 10 மணிக்கு வந்து "ஓமம் எங்கே?" என்றார். பானகம் கொடுத்து உட்கார வைத்தோம்.

பிற்பகல் 2.20-க்குப் பந்தல் துணி சட்டென்று மேற்குப் பக்கம் உப்பியது. நான் கவனிப்பதற்கு முன் அப்பா கவனித்துவிட்டார். "காற்று திரும்பிவிட்டது" என்றார். சாயங்காலம் ஐந்தரைக்குத் தனியாக மாடிக்குப் போய் அவர் கட்டிய கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். விளக்கு வைக்கும் வரை இறங்கவில்லை.

அட்டைவீடு_வியாசர்பாடி | மே 24, இரவு 11.20

வாழ்த்துகள் ஐயா. பெரியவருக்கு என் வணக்கம். மேஸ்திரி சொன்னபடி சுண்ணாம்பு அடித்தேன். பாதிக் கூரைக்குத்தான் வந்தது. இப்போது வெப்பமானி 33. அடித்த பாதிக்குக் கீழே பிள்ளைகள், அடிக்காத பாதிக்குக் கீழே நானும் அவளும்.

தட்டோடு_மேஸ்திரி | மே 25, காலை 6.30

தம்பி, என்னிடம் ஒரு மூட்டை மிச்சம் இருக்கிறது. இன்று மாலை வியாசர்பாடிப் பாலம் பக்கம் வருகிறேன். இரவே ஊற வையுங்கள்.

பெரம்பூர்_மாடிவீடு | மே 25, காலை 7.15

வசந்தா அம்மா, அப்பா வடாம் கேட்கிறார். ஜவ்வரிசியில் இரண்டு கிலோ கிடைக்குமா?

வடாம்_வசந்தா | மே 25, காலை 7.50

ஜவ்வரிசி தீர்ந்துவிட்டது. கூழ் வடாம் ஒரு கிலோ இருக்கிறது, நேற்று ஒரே நாளில் காய்ந்தது. இரவு இடி இடித்தபோது ஓடிப்போய் அள்ளினேன், ஒரு துணி மட்டும் நனைந்தது. அதைத் தரமாட்டேன், கவலை வேண்டாம்.